பூமிக்கு அடியில் ஏரி இல்லை!

2012–ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 16–ந் தேதி. இரவு மணி பத்தரை.

ஹாலந்து நாட்டின் வடகோடியில் ஹுய்சிங்கே என்று ஒரு சின்னஞ்சிறு கிராமம். பசுமையான வயல்கள். பழங்காலச் செங்கல் வீடுகள். ஊர் அடங்கும் நேரம்.

திடீரென்று தரை அதிர்ந்தது! வீடுகள் குலுங்கின. சுவர்களில் வெடிப்பு விழுந்தது. ஜனங்கள் திகைத்துப் போனார்கள்.

பூகம்பம்! அதன் அளவு 3.6.

"இவ்வளவுதானா? ஜப்பானில் இதைவிடப் பெரிய பூகம்பம் அடிக்கடி வருகிறதே!" என்று கேட்கலாம். ஆனால், ஜப்பானில் பூகம்பம் பெரும்பாலும் பல மைல் ஆழத்தில் பிறக்கிறது. இது வெறும் 3 கிலோ மீட்டர் ஆழத்தில் பிறந்தது. காலுக்கு அடியிலேயே வெடி வைத்தது போல!

அதைவிட முக்கியம், இது இயற்கை கொடுத்த பூகம்பம் அல்ல. மனிதன் உண்டாக்கியது. தரைக்கு அடியில் இருந்து கியாஸ் எடுத்ததால் வந்தது.

கியாஸ் எடுத்தால் பூமி ஏன் குலுங்க வேண்டும்? இதைப் புரிந்துகொள்ள வேண்டுமானால், எண்ணெயும் கியாசும் பூமிக்குள் எப்படிச் சேருகின்றன என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

படியும் மணலும்

பூமிக்கு அடியில் பெரிய குகை இருக்கிறது. அதில் எண்ணெய் ஏரி போலத் தேங்கி நிற்கிறது. குழாய் விட்டு உறிஞ்சினால் வருகிறது. பலரும் இப்படித்தான் நினைத்துக்கொண்டு இருக்கிறார்கள்.

இது தவறு. பூமிக்கு அடியில் ஏரியும் இல்லை, குளமும் இல்லை. இருப்பது பாறை!

ஒரு படி நிறைய ஆற்று மணலை எடுத்துக்கொள்ளுங்கள். தலை தட்டி வையுங்கள். "படி நிறைந்துவிட்டது, இனி இடம் இல்லை" என்றுதான் தோன்றும். இப்போது அதில் மெதுவாகத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். கால் படிக்கு மேலேயே தண்ணீர் உள்ளே போய்விடும்!

அந்தத் தண்ணீர் எங்கே போனது? மணலுக்கும் மணலுக்கும் நடுவே உள்ள இடுக்குகளில் போய் உட்கார்ந்துகொண்டது.

பல கோடி ஆண்டுகளுக்கு முன்பு ஆறும் காற்றும் கொண்டுவந்து கொட்டிய மணல், மேலே மேலே பாரம் ஏற ஏற, இறுகிப் பாறை ஆகிவிட்டது. இறுகிய பிறகும் இடுக்குகள் அடியோடு மறையவில்லை. நல்ல மணற்பாறையில் ஆறில் ஒரு பங்கு, ஐந்தில் ஒரு பங்கு வெற்றிடம் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்தச் சின்னஞ்சிறு துளைகளில்தான் எண்ணெயும் கியாசும் குடியிருக்கின்றன.

நாலும் கூடி வரவேண்டும்

எண்ணெய் சேர வேண்டுமானால், நாலு காரியங்கள் கூடி வரவேண்டும்.

முதலாவது, சரக்கு. கடலில் வாழ்ந்த கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் செத்துச் செத்து, அடியில் சேற்றோடு சேருகின்றன. மேலே மண் மூட மூட, அவை ஆழத்துக்குப் போகின்றன. ஆழம் போகப் போகச் சூடு ஏறும். 60 டிகிரி முதல் 120 டிகிரி வரையுள்ள சூட்டில் அவை எண்ணெய் ஆகின்றன. சூடு அதையும் தாண்டினால் கியாஸ் ஆகின்றன. மரமும் செடியும் மக்கி உண்டான நிலக்கரியும், ஆழத்தில் வெந்தால் கியாசைக் கக்கும். இந்தச் சமையலுக்குப் பிடிக்கும் காலம் ஒரு நாள், இரண்டு நாள் அல்ல. பல லட்சம் ஆண்டுகள்!

இரண்டாவது, வழி. ஆழத்தில் உள்ள பாறைத் துளைகளில் எல்லாம் உப்புத் தண்ணீர் நிறைந்து இருக்கிறது. எண்ணெய் தண்ணீரைவிட லேசு. கியாஸ் எண்ணெயைவிட லேசு. ஆகவே இரண்டும் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு, துளைக்குத் துளை தாவி, மேலே மேலே ஏறுகின்றன.

மூன்றாவது, தங்கும் இடம். அதுதான் துளைகள் நிறைந்த மணற்பாறை அல்லது சுண்ணாம்புப் பாறை.

நாலாவது, மூடி! இதுதான் மிகவும் முக்கியம். மூடி இல்லாவிட்டால், ஏறி வந்த கியாஸ் அப்படியே வெளியே போய்விடும். இமாசலப் பிரதேசத்தில் உள்ள ஜ்வாலாமுகி கோவிலில் பாறை இடுக்கில் இருந்து தீ எரிகிறதே, அது பூமிக்குள் இருந்து கசிந்து வரும் கியாஸ்தான்.

உலகத்தில் உண்டான எண்ணெயில் பெரும் பகுதி இப்படி வீணாகக் கசிந்து போனதுதான். இறுகிய களிமண் பாறையோ, உப்புப் பாறையோ குறுக்கே வந்து மூடிக்கொண்ட இடங்களில் மட்டும், கொஞ்சம் அகப்பட்டுக்கொண்டது. மூடி, கவிழ்த்து வைத்த சட்டி போல வளைந்து இருந்தால் இன்னும் நல்லது. உச்சியில் கியாஸ், அதன் கீழே எண்ணெய், அதற்கும் கீழே தண்ணீர் என்று வரிசையாக நிற்கும்.

சரக்கு, வழி, இடம், மூடி. இந்த நாலில் ஒன்று குறைந்தாலும் கிணறு வறண்ட கிணறுதான்!

குரோனிங்கன் புதையல்

ஹாலந்தின் வடகோடியில் உள்ள குரோனிங்கன் மாகாணத்தில் இந்த நாலும் அற்புதமாகக் கூடி வந்தன.

அங்கே அடியில் சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முந்திய நிலக்கரி. அதன் மேலே பாலைவன மணல் இறுகிய பாறை. அதற்கும் மேலே, ஒரு பழைய கடல் வற்றியதால் உண்டான கனத்த உப்புப் பாறை. நிலக்கரி கக்கிய கியாஸ் மணற்பாறைக்குள் ஏறியது. உப்பு அதை மூடிக்கொண்டது. உப்புக்கு ஒரு விசேஷ குணம் உண்டு. மற்றப் பாறைகள் அழுத்தினால் விரிசல் விடும். உப்போ, மெழுகு போல மெதுவாக நகர்ந்து, விரிசலைத் தானே அடைத்துக்கொள்ளும். அதைவிட நல்ல மூடி கிடையாது.

1959–ம் ஆண்டு ஜூலை மாதம், ஸ்லோக்டெரன் என்ற ஊருக்கு அருகே ஒரு விவசாயியின் நிலத்தில் தோண்டினார்கள். கியாஸ் பீறிட்டு வந்தது.

கண்டுபிடித்தவர்களுக்கே அதன் பெருமை உடனே தெரியவில்லை. முதலில் போட்ட கணக்கு சிறியது. கிணறுக்குமேல் கிணறு தோண்டத் தோண்டக் கணக்கு ஏறிக்கொண்டே போனது. கடைசியில் தெரிந்தது, 2 லட்சத்து 80 ஆயிரம் கோடி கன மீட்டர்! ஐரோப்பாவிலேயே மிகப் பெரிய கியாஸ் வயல்களில் ஒன்று!

பணம் கொட்டியது

1963–ம் ஆண்டில் கியாஸ் எடுக்கத் தொடங்கினார்கள். ஷெல், எக்ஸான் என்ற இரண்டு பெரிய கம்பெனிகளுக்குச் சமபங்கு உள்ள "நாம்" என்ற கம்பெனி எடுத்தது. லாபத்தில் சிங்கப் பங்கு அரசாங்கத்துக்கு.

நாடு முழுவதும் குழாய் போட்டார்கள். சில ஆண்டுகளிலேயே ஹாலந்தின் பெரும்பாலான வீடுகளில் கரி அடுப்பு போய், கியாஸ் அடுப்பு வந்துவிட்டது. 1974–ம் ஆண்டில் கடைசி நிலக்கரிச் சுரங்கத்தையும் மூடிவிட்டார்கள். கரியும் புகையும் ஒழிந்தன. சுரங்கத்துக்குள் இறங்கிச் சாகும் கொடுமையும் ஒழிந்தது.

60 ஆண்டுகளில் அரசாங்கத்துக்குக் கிடைத்த வருமானம் சுமார் 36 ஆயிரம் கோடி யூரோ! கம்பெனிகளுக்கு 6 ஆயிரம் கோடி யூரோவுக்கு மேல். ரோடு, பாலம், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், ஏழைகளுக்கு உதவித்தொகை எல்லாவற்றிலும் இந்தப் பணம் புகுந்தது.

ஆகவே, கியாஸ் எடுத்ததே தவறு என்று சொல்லிவிட முடியாது. ஒரு நாடு குளிரில் நடுங்காமல் வாழ்ந்தது இந்தக் கியாசினால்தான்.

தவறு வேறு இடத்தில் இருக்கிறது.

சைக்கிள் டியூப்

அந்த மணற்பாறையின் மேலே 3 கிலோ மீட்டர் கனத்துக்கு மண்ணும் பாறையும் அழுத்திக்கொண்டு இருக்கின்றன. அந்தப் பாரத்தைத் தாங்குவது யார்? மணல் மட்டும் அல்ல. துளைகளில் அடைபட்டு இருந்த கியாசும் சேர்ந்துதான் தாங்கிக்கொண்டு இருந்தது.

சைக்கிளின் பாரத்தை ரப்பர் மட்டுமா தாங்குகிறது? உள்ளே உள்ள காற்று அல்லவா தாங்குகிறது! காற்று இறங்கினால் சக்கரம் தரையைத் தொட்டுவிடுகிறது.

குரோனிங்கன் பாறையில் தொடக்கத்தில் இருந்த அழுத்தம், நம்மைச் சுற்றி உள்ள காற்றைப் போல சுமார் 350 மடங்கு. எடுக்க எடுக்க, அது 100 மடங்குக்கும் கீழே இறங்கிவிட்டது. மேலே உள்ள பாரமோ குறையவில்லை. அத்தனையையும் மணலே தாங்க வேண்டியதாயிற்று. மணல் நெருங்கியது. பாறை தாழ்ந்தது. மேலே தரை, சில இடங்களில் ஒரு அடிக்கு மேல் இறங்கியது.

தரை ஒரே சீராக இறங்கினால் வீட்டில் இருப்பவருக்குத் தெரியாது. ஆனால், அந்தப் பாறையில் பழைய பிளவுகள் ஏராளமாக உண்டு. பிளவின் இந்தப் பக்கம் ஒரு மாதிரி இறங்கும்; அந்தப் பக்கம் வேறு மாதிரி இறங்கும். இழுபறி ஏறிக்கொண்டே போகும். ஒரு நாள், பிளவு சட்டென்று வழுக்கும். அதுதான் பூகம்பம்!

கேட்கவில்லை

இது முன்கூட்டியே தெரியாதா? பாதி தெரியும்.

தரை இறங்கும் என்பது தெரியும். ஹாலந்து நாட்டின் ஒரு பகுதி கடல் மட்டத்துக்குக் கீழே உள்ளது. தரை கொஞ்சம் இறங்கினாலும் தண்ணீர் வந்துவிடும். ஆகவே, அந்த விஷயத்தில் விழிப்பாக இருந்தார்கள். தரை தாழ்வதால் ஏற்படும் தண்ணீர்ச் செலவைக் கம்பெனி ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று 1983–ம் ஆண்டிலேயே மாகாணம் ஒப்பந்தம் போட்டுக்கொண்டது.

பூகம்பம் பற்றிச் சொன்னபோதுதான் காதில் பஞ்சு வைத்துக்கொண்டார்கள்.

1986–ம் ஆண்டு டிசம்பர் 26–ந் தேதி, குரோனிங்கனுக்குத் தெற்கே உள்ள அசென் நகரத்துக்குப் பக்கத்தில் தரை குலுங்கியது. அங்கேயும் கியாஸ் எடுத்துக்கொண்டு இருந்தார்கள். "இதற்குக் காரணம் கியாஸ் எடுப்பதுதான்" என்று மேன்ட் வான் டெர் ஸ்லுய்ஸ் என்ற பூகோள அறிஞர் சொன்னார். யாரும் அவரை நம்பவில்லை. நிபுணர்கள் ஒதுக்கித் தள்ளினார்கள்.

ஏழு ஆண்டுகள் ஓடின. 1993–ம் ஆண்டில் ஆராய்ச்சியாளர்கள் கூடி, "கியாஸ் எடுப்பதால் பூகம்பம் வரலாம்" என்று ஒப்புக்கொண்டார்கள். ஆனால், "வந்தாலும் லேசாகத்தான் வரும்" என்று ஒரு சமாதானமும் உடன் வந்தது.

அந்தச் சமாதானத்தை 2012–ம் ஆண்டு ஹுய்சிங்கே பூகம்பம் உடைத்து எறிந்தது.

கொடுமையிலும் கொடுமை

அடுத்த ஆண்டு நடந்ததுதான் மன்னிக்க முடியாதது.

2013–ம் ஆண்டு ஜனவரியில், அரசாங்கத்தின் சுரங்கக் கண்காணிப்பு இலாகா ஒரு எச்சரிக்கை விடுத்தது. "இதைவிடப் பெரிய பூகம்பம் வரக்கூடும். கியாஸ் எடுப்பதை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறையுங்கள். எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் குறையுங்கள்" என்பது அதன் சாரம்.

அரசாங்கம் என்ன செய்தது? "முதலில் ஆராய்ச்சி நடக்கட்டும்" என்றது.

ஆராய்ச்சி நடந்தது. கியாஸ் எடுப்பதும் நடந்தது. அந்த 2013–ம் ஆண்டில் எடுத்த கியாஸ் சுமார் 5,400 கோடி கன மீட்டர். அதற்கு முந்திய முப்பது ஆண்டுகளில் எந்த ஆண்டிலும் அவ்வளவு எடுத்தது இல்லை!

"தீப்பிடித்திருக்கிறது, எண்ணெயை நிறுத்து" என்றால், "எப்படித் தீப்பிடித்தது என்று பார்க்கிறோம்" என்று சொல்லிக்கொண்டே இன்னும் ஒரு டின் எண்ணெயை ஊற்றுவது போல அல்லவா இருக்கிறது இது?

வீடு வெடித்தவர்கள் பாடு இன்னும் மோசம். பூமியைக் குலுக்கிய கம்பெனிதான் நஷ்டத்தையும் கணக்குப் போட்டது. "உங்கள் வீடு பழைய வீடு, அஸ்திவாரம் சரியில்லை, வெடிப்புக்கு அதுதான் காரணம்" என்று சொன்னால், இல்லை என்று நிரூபிப்பது வீட்டுக்காரர் தலையில்! ஒரு விவசாயி, உலகம் முழுவதும் கிளை விட்ட கம்பெனியோடு பாறை சாஸ்திரம் பேசி ஜெயிக்க முடியுமா?

இந்த அநியாயம் 2016–ம் ஆண்டு முடிவில்தான் மாறியது. "குரோனிங்கன் பகுதியில் இந்த மாதிரி வெடிப்பு விழுந்தால், காரணம் கியாஸ்தான் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லை என்றால், அதைக் கம்பெனி நிரூபிக்கட்டும்" என்று சட்டம் வந்தது.

மனிதர்களா, கியாசா?

2018–ம் ஆண்டு ஜனவரியில் ஸேரைப் என்ற ஊரில் மறுபடியும் பூகம்பம். அளவு 3.4. அந்த ஆண்டு மார்ச் மாதம், "படிப்படியாகக் குறைத்து அடியோடு நிறுத்திவிடுகிறோம்" என்று அரசாங்கம் முடிவு செய்தது.

2023–ம் ஆண்டு பிப்ரவரியில் டச்சுப் பாராளுமன்றத்தின் விசாரணைக் குழு தன் அறிக்கையை வெளியிட்டது. "கியாசைவிடக் குரோனிங்கன் மக்கள் பெரியவர்கள்" என்பது அதன் தலைப்பு. பல ஆண்டுகளாக மக்களின் நலம் பணத்துக்குப் பின்னால் தள்ளப்பட்டது என்று அந்தக் குழு வெளிப்படையாகச் சொல்லியது.

2023–ம் ஆண்டு அக்டோபர் 1–ந் தேதி கியாஸ் எடுப்பது நின்றது. 2024–ம் ஆண்டு ஏப்ரலில், "இனி எடுக்கக் கூடாது" என்று சட்டமே வந்துவிட்டது.

பூகம்பத்தால் யாரும் சாகவில்லை என்பது ஒரு ஆறுதல். ஆனால், ஆயிரத்துக்கு மேற்பட்ட அதிர்ச்சிகள். ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட நஷ்டப் புகார்கள். மரக்கட்டைகளை முட்டுக் கொடுத்து நிறுத்தி வைத்த வீடுகள். இடித்துக் கட்டிய வீடுகள். இன்று இரவு குலுங்குமா, நாளைக்குக் குலுங்குமா என்று பயந்து பயந்து தூங்கிய குழந்தைகள். இதற்கெல்லாம் எந்தக் கணக்குப் பிள்ளை விலை போடுவான்?

கிணற்றை மூடியதும் பூமி அடங்கிவிடாது. பாறைக்குள் அழுத்தம் சமன் ஆகும் வரை, இன்னும் பல ஆண்டுகளுக்குச் சின்னச் சின்ன அதிர்ச்சிகள் வந்துகொண்டுதான் இருக்கும்.

திறக்கலாமா?

அந்தப் பாறைக்குள் இன்னும் சுமார் 45 ஆயிரம் கோடி கன மீட்டர் கியாஸ் இருக்கிறது. 2022–ம் ஆண்டில் உக்ரைன் யுத்தம் வந்து, ஐரோப்பாவில் கியாஸ் விலை விண்ணைத் தொட்டபோது, "குரோனிங்கனைத் திறந்துவிடுங்கள்" என்று பல குரல்கள் கேட்டன. நெருக்கடி வரும்போதெல்லாம் அந்தக் குரல் மறுபடியும் கேட்கும்.

திறக்கக் கூடாது!

"ஒரு மாகாணத்து மக்கள் கொஞ்சம் பொறுத்துக்கொண்டால், ஒரு கண்டமே குளிர் காயலாமே!" என்பார்கள். பொறுக்கச் சொல்கிறவர் யார்? குலுங்காத ஊரில் குடியிருப்பவர்! ஒருவன் வீட்டுக் கூரையைப் பிரித்து, ஊருக்கெல்லாம் விறகு கொடுப்பது தர்மம் ஆகாது. அந்த மக்கள் ஏற்கனவே 60 ஆண்டு கொடுத்துவிட்டார்கள்.

"அப்படியானால் எண்ணெயே எடுக்கக் கூடாதா? கியாசே எடுக்கக் கூடாதா?" என்று கேட்டால், அதுவும் சரியல்ல. எல்லாப் பாறையும் குரோனிங்கன் பாறை அல்ல. உலகில் ஆயிரக்கணக்கான வயல்களில் எடுக்கிறார்கள். எல்லா இடத்திலும் பூமி குலுங்கவில்லை. இடத்துக்கு இடம் பாறை வேறு, பிளவு வேறு, ஆழம் வேறு.

ஆனால், எங்கே தோண்டினாலும் மூன்று காரியம் கட்டாயம் வேண்டும்.

ஒன்று: தோண்டுவதற்கு முன்பே, அந்தப் பாறையில் எங்கே பிளவு, எவ்வளவு பாரம் என்று பார்க்க வேண்டும். எடுக்கும்போது தரை இறங்குகிறதா என்று அளந்துகொண்டே இருக்க வேண்டும். அந்தக் கணக்கு கம்பெனியின் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கக் கூடாது. ஊர் ஜனங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

இரண்டு: லாபம் வரும் முதல் நாளிலேயே, நஷ்ட ஈட்டுக்கு என்று ஒரு பங்கை எடுத்துத் தனியே வைக்க வேண்டும். வீடு வெடித்த பிறகு மனு, விசாரணை, மறு விசாரணை என்று ஜனங்களை அலைய விடக்கூடாது.

மூன்று: எச்சரிக்கை வந்தால், முதலில் நிறுத்த வேண்டும், ஆராய்ச்சி பிறகு. குரோனிங்கனில் இதைத் தலைகீழாகச் செய்தார்கள். அதனால்தான் இவ்வளவு வினை.

கடன்

பூமி ஒரு கஜானா. அள்ள அள்ள வரும் என்று மனிதன் நினைக்கிறான். கஜானாவில் இருந்து பணத்தை எடுத்தால், கஜானா காலியாகும். அவ்வளவுதான். கட்டடம் இடியாது.

பாறை அப்படி அல்ல. அதற்குள் இருக்கும் கியாஸ், வெறும் சரக்கு மட்டும் அல்ல. மேலே இருக்கும் உலகத்தைத் தாங்கும் தூணும் அதுதான். பல கோடி ஆண்டுகளாகத் துளை துளையாகச் சேர்ந்ததை, அறுபதே ஆண்டில் உருவிவிட்டால், பாரம் எங்கே போகும்?

எடுத்தவர்கள் லாபத்தைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். பாரம், மேலே வீடு கட்டிக் குடியிருந்தவர்கள் தலையில் இறங்கியது.

அடியில் ஏரி இல்லை, பாறை இருக்கிறது. மேலே வெறும் நிலம் இல்லை, மனிதர்கள் இருக்கிறார்கள். தோண்டுகிறவர்கள் இந்த இரண்டையும் மறக்கக் கூடாது!